டிரைவர் மாற்றியதிலிருந்து சர்வரில் நெட்வொர்க் லிங்க் விழுந்து விழுந்து எழுகிறது, உதவுங்கள்

நண்பர்களே, மூன்று நாளாக ஒரு லினக்ஸ் சர்வரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு போர்ட் உள்ள 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டு, அதன் டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) புதுப்பிக்கும் வரை ஒரு குறையும் இல்லை. இப்போது இரவில் பேக்கப் ஓடி டிராஃபிக் ஏறும்போது மட்டும் லிங்க் விழுகிறது, சில வினாடிகளில் தானாகவே எழுந்தும் விடுகிறது, ஆனால் அதற்குள் பேக்கப் அறுந்துபோகிறது. கர்னல் லாகில் ‘டிரான்ஸ்மிட் க்யூ டைம்டு அவுட்’ (அனுப்ப வேண்டிய வரிசை நேரத்துக்குள் நகரவில்லை) என்று ஒரு வரி, அடுத்த வரியிலேயே அடாப்டர், அதாவது கார்டு, ரீசெட்.

கேபிள், எஸ்எஃப்பி மாட்யூல் (கார்டின் போர்ட்டில் செருகும் இணைப்புத் துண்டு), சுவிட்ச் போர்ட் எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. ஈத்டூலில் (கார்டு அமைப்புகளை மாற்றும் லினக்ஸ் கட்டளை) டிஎஸ்ஓவை, அதாவது டேட்டாவைப் பாக்கெட்டாகப் பிரிக்கும் வேலையைக் கார்டே செய்யும் வசதியை, அணைத்தால் பிரச்சினை நின்றுவிடுகிறது, ஆனால் பாக்கெட் பிரிக்கும் வேலை சிபியு தலையில் விழுகிறது, அப்படியே விட மனமில்லை. ‘ethtool -i’ கட்டளை போட்டபோதுதான் கவனித்தேன், டிரைவர் புதியது, ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) பழையதாகவே இருக்கிறது. என் சந்தேகம் அங்கேதான்.

சரி, புதிய ஃபர்ம்வேரை ஏற்றுவதா, பழைய டிரைவருக்கே திரும்புவதா? சில கார்டுகளில் ஃபர்ம்வேரை ஏற்றிவிட்டால் மறுபடி பழையதற்குத் திரும்ப முடியாது, அதனால்தான் கை வைக்கத் தயங்குகிறேன். இதே பாடு பட்டவர்கள் எதை முதலில் செய்தீர்கள் என்று சொல்லுங்கள், லாக் முழுவதும் வேண்டுமென்றால் உடனே போடுகிறேன்.