சக்கிமுக்கிக் கல் என்ன அளவில் வாங்குவது?

வணக்கம். பென்சில்வேனியாவில் இருக்கிறேன். கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரும் ஃபிளின்ட்லாக் (சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் சுடும் துப்பாக்கி) மான் வேட்டை சீசனுக்காக .50 காலிபர் ரைஃபிள் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். கூட வந்த கல்தான் தலைவலி.

கல் முக்கால் அங்குல அகலம். அது அடிக்கும் ஃபிரிசன், அதாவது எஃகுத் தகடு, அதைவிடச் சற்றுக் குறைவு. உள்பக்க மூலை குழலில் உரசி ஏற்கெனவே ஒரு கீறல் விழுந்துவிட்டது. நீளமும் கூடுதல்தான்: கல்லைப் பிடித்திருக்கும் சுத்தியலை, அதாவது குதிரையை, பாதி இழுத்து நிறுத்தினால் கல் முட்டி, ஃபிரிசன் வெடிமருந்துக் கிண்ணத்தை மூடவே மாட்டேன் என்கிறது. கல்லைச் சுற்றிய தோலை மெல்லியதாக மாற்றினேன், கல்லின் சரிவான பக்கம் கீழே இருக்கும்படி திருப்பியும் வைத்தேன். இப்போது மூடுகிறது. ஆனால் பொறி பாதி கிண்ணத்துக்கு வெளியே விழுகிறது, பத்துக்கு நாலு தடவை மருந்து பற்றுவதில்லை.

அடுத்த சிறிய அளவு 5/8 அங்குலம். அதை வாங்கினால் ஃபிரிசனின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து பள்ளமாகிவிடுமா? இல்லை, இருக்கிற கல்லையே வைரத் தூள் பதித்த சாணையில் தேய்த்துக் குறுக்கலாமா? (தண்ணீர் விட்டுத்தான், இங்கிலாந்தின் பிராண்டன் ஊரில் கல் உடைத்தவர்களின் நுரையீரலைக் கெடுத்தது அந்தத் தூள்தான்.)

அப்புறம், பிராண்டன் கறுப்புக் கல்லா, பிரெஞ்சுத் தேன் நிறக் கல்லா? இரண்டையும் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.