மறுமொழி: மறுமொழி: 2027 பெப்ரவரி மொன்றியல் ஒன்றுகூடல் – ஆளுக்கு 500 டொலர்

அனுப்புவது: பொருளாளர், ஸ்காபரோ

அன்பான ஊரவர்களுக்கு,

செயலாளரின் சுற்றுமடலில் அறை 285, சாப்பாடு 60, ஐஸ் ஹொக்கி ஆட்டம் 120, போக்குவரத்து 35 என்று கிடக்கு. கூட்டினால் 500, சரி. ஆனால் கியூபெக்கில் அந்த விலைக்கு ஒன்றும் கைக்கு வராது.

அறை ஒரு இரவுக்கு 190 என்றால் முதலில் 3.5 வீதம் தங்குமிட வரி, அது 196.65 ஆகும். அதற்கு மேல்தான் 5 வீத மத்திய வரியும் 9.975 வீத மாகாண வரியும் ஏறும். கடைசியில் 226.10. மூன்று இரவுக்கு 678.30. இரண்டு பேர் பங்கிட்டால் ஆளுக்கு 339.15. சாப்பாடு 60 என்றால் வரி 8.99, பரிமாறுபவருக்கு வைக்கும் ரிப்ஸ் 9, ஆக 77.99. ஹொக்கியும் போக்குவரத்தும் சேர்த்தால் மொத்தம் 572.14. நாற்பது பேர் வந்தால் 2,885.60 டொலர் துண்டு விழும்.

அதை ஆர் கட்டுவது? ஊர் நூலகக் கணக்கில் கைவைக்க விடமாட்டேன். 2018 கூடாரக் காசே இன்னும் அந்தக் கணக்குக்குத் திரும்பி வரவில்லை. வாங்கினவருக்குத் தெரியும்.

---

அனுப்புவது: செயலாளர், லசால், மொன்றியல்

பொருளாளர் அண்ணை சொன்ன வரிக்கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். கூடாரக் கதையைத் தனி மடலில் பேசுவோம்.

காசைவிடப் பெரிய சிக்கல் நாள். ஒன்ராறியோவின் குடும்ப தினம் 2027இல் பெப்ரவரி 15, திங்கள். கியூபெக்கில் அன்றைக்கு விடுமுறை இல்லை. அமெரிக்காவிலும் அன்றுதான் நீண்ட வார இறுதி என்பதால் நியூயோர்க் பக்கத்துச் சனமும் இங்கே வரும், அறை விலை ஏறும். ஞாயிறு 14ஆம் திகதி காதலர் தினம். அன்றிரவு நல்ல உணவகங்களில் பெரும்பாலும் இரண்டு பேருக்கான மேசையும் அன்றைக்கென்று வைத்த விலையும்தான் கிடைக்கும். நாற்பது பேரைக் கொண்டுபோய் இருத்த இடம் கிடையாது. அதனால் கூட்டுச் சாப்பாட்டை ஞாயிறு மதியத்துக்கு மாற்றுகிறேன்.

எதை முதல் பதிவது என்பதில்தான் எல்லாரும் பிழை விடுகினம். அறையை முதல் பிடித்துவிட்டுப் பிறகு ஆட்டம் தேடினால், அந்த வார இறுதியில் மொன்றியல் ஹொக்கி அணியான கனடியன்ஸ் வெளியூரில் நிற்கும். இந்த 2026இல் ஒலிம்பிக்குக்காக பெப்ரவரி 6 முதல் 24 வரை அவர்கள் ஆடும் என்எச்எல் லீக்கில் ஆட்டமே இல்லை. குடும்ப தின வார இறுதி அதற்குள்ளேயே அகப்பட்டது. லீக் அட்டவணை வழக்கமாக ஜூலையில் வரும். அதுவரை காசு பிடிக்காமல் ரத்துச்செய்யக்கூடிய அறைகளை மட்டும் பிடித்து வைப்போம், திருப்பித் தராத முற்பணம் ஒரு சதமும் கட்டவேண்டாம். அமெரிக்கக் காற்பந்தின் இறுதியாட்டமான சூப்பர் பௌல் வார இறுதியில் கனடியன்ஸ் வீட்டில் பகல் ஆட்டம் வைப்பது பலகால வழக்கம். 2027இல் சூப்பர் பௌல் பெப்ரவரி 14. பகல் ஆட்டம் அமைந்தால் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் வசதி. ஆனால் அட்டவணையைக் கண்ணால் காணும்வரை அதை நம்பித் திட்டம் போடக்கூடாது.

120க்கு கனடியன்ஸின் அரங்கான பெல் சென்ரரில் நாற்பது பேருக்கு ஒரே பகுதியில் இருக்கை கிடைக்குமென்று எழுதினது என் பிழை. சனி ஆட்டத்துக்கு அது நடவாது. நல்ல மாற்று, பக்கத்து நகரமான லாவாலில் உள்ள பிளாஸ் பெல் அரங்கு. மொன்றியல் பெண்கள் அணியான விக்துவாரும் கனடியன்ஸின் வளர்ப்பு அணியான ரொக்கெட்டும் அங்கேதான் ஆடுகினம். ஏறக்குறைய பத்தாயிரம் பேர் கொள்ளும் அரங்கு, எந்த மூலையில் இருந்தாலும் சறுக்குச் சத்தம் காதில் விழும். ரிக்கெற் மலிவு, குழுவாக எடுத்தால் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைக்கும். மெற்றோவின் செம்மஞ்சள் வழித்தடத்தின் கடைசி நிலையம் மொன்மொரென்சி, இறங்கினால் அரங்கு எதிரே.

அங்கே ஆக்கள் மாட்டுப்படுவது ரிக்கெற்றில். லாவால் பி வலயம். மொன்றியலுக்குள் ஓடும் ஏ வலய ரிக்கெற் அங்கே செல்லாது. திரும்பி வரும்போது வாயிலில் நாற்பது பேரும் இயந்திரத்துக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டிவரும். போகமுதலே ஆளுக்கு இரண்டு ஏபி ரிக்கெற் பயண அட்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். நகருக்குள் சுற்ற வார இறுதி அட்டை போதும். வெள்ளி மாலை 4 மணி முதல் திங்கள் காலை 5 மணி வரை செல்லும். திங்கள் பகலுக்குத் தனி ரிக்கெற்.

---

அனுப்புவது: பாரிஸ் கிளை

தம்பி செயலாளர்,

கனடியன்ஸ் 24 தரம் ஸ்ரான்லிக் கிண்ணம் வென்ற அணி. கடைசித் தரம் 1993. அந்தச் சிவப்புச் சட்டைகளுக்கு நடுவில் பிள்ளைகளைக் கொண்டுபோய் இருத்துவதற்குத்தான் கடல் தாண்டி வாறம். காசைப் பார்த்து லாவாலுக்கு அனுப்பினால் ஊர்ப்பேரைச் சொல்லி ஒரு படம் எடுக்கவும் மனம் வராது. 2009இல் ஆரின் கடிதத்தில் ஆர் ஆர் பிரான்சுக்கு வந்து சேர்ந்தவை என்பதை மறந்துபோய் எங்களிடம் சிக்கனம் கதைக்கவேண்டாம். விரும்பினவை பெல் சென்ரருக்குப் போகட்டும், மிச்சக் காசை நாங்களே போடுவம்.

இன்னொன்று. சித்திரைக்கு ஊருக்குப் போன தங்கச்சி நூலகத்தைப் பார்த்துவிட்டு வந்தவ. கிழக்குப் பக்கச் சுவரில் மேலிருந்து ஈரம் இறங்குதாம், அலுமாரி இரண்டை நடுவுக்குத் தள்ளி வைத்திருக்கினமாம். அதையும் இந்தக் கூட்டத்தில் பேசவேணும்.

ஐரோப்பாவிலிருந்து வருபவர்களுக்கு: பிரெஞ்சு, சுவிஸ், பிரித்தானியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் இணையத்தில் ஈ-ரிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி எடுத்தால் போதும், 7 கனடிய டொலர். அகதிப் பயண ஆவணத்தில் இருப்பவர்களுக்கு அது செல்லாது, விசா வேணும். விண்ணப்பம் 100, கைரேகை 85. இப்பவே தொடங்கினால்தான் பெப்ரவரிக்குக் கைக்கு வரும். இந்த வித்தியாசம் தெரியாமல் விமான ரிக்கெற் வாங்கிப்போட்டு நிற்கவேண்டாம்.

---

அனுப்புவது: பார்க் எக்ஸ்ரென்ஷன், மொன்றியல்

பாரிஸ் அண்ணைக்கும் தம்பிக்கும் வணக்கம். மகளிர் அணி என்றதும் ஊர்ப்பேர் குறைந்துபோகாது, அண்ணை. மற்றது, சாப்பாட்டையும் குளிரையும் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

பெப்ரவரியில் இங்கே பகல் மைனஸ் 4, இரவு மைனஸ் 12 என்பது சாதாரணம். காற்று அடித்தால் உடம்புக்கு மைனஸ் 25 போல இருக்கும். பருத்தி உள்ளாடை வேர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு குளிர வைக்கும், கம்பளி அல்லது செயற்கை இழைதான் உடம்போடு ஒட்டி இருக்கவேணும். சப்பாத்தின் அடி பல்லுப் பல்லாக இருக்கவேணும். மெற்றோ முழுக்க நிலத்துக்குக் கீழே ஓடுவது, நிலையங்களோடு முப்பது கிலோமீற்றருக்கு மேல் நிலத்தடி நடைபாதையும் இருக்கு. பொனவெஞ்சர் நிலையத்தில் லிப்ட் இருக்கு, அங்கிருந்து உள்ளுக்குள்ளேயே பெல் சென்ரருக்குப் போகலாம். அந்தப் பக்கமாக ஹொட்டேல் எடுத்தால் வயதானவர்கள் ஜக்கெற் இல்லாமலே ஆட்டத்துக்குப் போய்வரலாம். கட்டிடங்கள் பூட்டினால் நடைபாதையின் சில துண்டுகளும் பூட்டுப்படும், இரவு திரும்பும் வழியை முன்கூட்டியே நடந்து பாருங்கள்.

ஆட்ட ரிக்கெற் கைபேசியில்தான் வரும். ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பினால் வாயிலில் எடுபடாது. ஒவ்வொருவருக்கும் முறையாக மாற்றிவிட்டு, கைபேசி வொலெற்றில் முதல் நாளே சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். ஐரோப்பாக்காரருக்கு இங்கே டேற்றா இருக்காது. குளிரில் பற்றறி திடீரென்று இறங்கும், போனை வெளிப்பையில் வைக்காமல் நெஞ்சோடு உள்பையில் வையுங்கள்.

புட்டீன் என்பது பொரித்த உருளைக்கிழங்கும் சீஸும், அதில் ஊற்றும் சோஸ் வழக்கமாக மாட்டு அல்லது கோழிச் சாறில் செய்தது. சைவக்காரர் உருளைக்கிழங்குதானே என்று வாங்கவேண்டாம், மரக்கறி சோஸ் இருக்கோ என்று கேட்டு வாங்கவேணும். சென் லோறன் தெருவில் 1928இலிருந்து இருக்கும் ஷ்வார்ட்ஸில் ஸ்மோக்ட் மீற் மாட்டு நெஞ்சிறைச்சி. முன்பதிவு இல்லை, வெளியே வரிசைதான், நான்கு நான்கு பேராகப் போனால் சரி. எல்லாருக்கும் பொது பேகல் என்ற வளைய ரொட்டி. தேன் கலந்த கொதிநீரில் போட்டெடுத்து, நீளப் பலகையில் வரிசையாக வைத்து விறகடுப்புக்குள் தள்ளுவார்கள். எள்ளு வெடிக்கும் மணம் தெருவுக்கே வரும். சூடாக வாங்கினால் காகிதப் பையின் வாயை மூடவேண்டாம், ஆவி உள்ளே நின்று பத்து நிமிடத்தில் தோல் சவண்டுவிடும்.

ஞாயிறு மதியத்துக்கு ‘உங்கள் வைனைக் கொண்டுவாருங்கள்’ என்று பலகை போட்ட உணவகம் ஒன்றைப் பிடியுங்கள், குடிச்செலவு பாதிக்கு மேல் குறையும். வைனும் பியரும்தான் கொண்டுபோகலாம், விஸ்கிப் போத்தல் உள்ளே விடமாட்டார்கள். பில்லைப் பிரிக்க வேணுமென்றால் ஓர்டர் எடுக்கமுதலே சொல்லவேணும். ரிப்ஸுக்கு எளிய வழி: இரண்டு வரியின் கூட்டுத்தொகை கிட்டத்தட்ட 15 வீதம், அதே தொகையை வைத்தால் கணக்குச் சரி. பதிந்துவிட்டு ஒருவரும் போகாமல் விட்டால் ஆளுக்கு 10 டொலர் வரை அறவிட 2025 ஜூலையிலிருந்து சட்டமே இடம் கொடுக்குது.

பிள்ளைகளுக்கு வியோ நிலையத்தில் இறங்கினால் விலங்குகளை உள்ளுக்குள்ளேயே பார்க்கும் பயோடோம். சறுக்க எஸ்பிளனாட் ரான்கீல், தளம் குளிரூட்டியது என்பதால் வெயில் ஏறின நாளிலும் உருகாது, சறுக்குச் சப்பாத்து வாடகைக்கு இருக்கு. இக்லூஃபெஸ்ட் என்ற குளிர்கால இசைவிழா 18 வயதுக்கு மேல்தான், இளந்தாரிகள் அந்தத் திகதிகளைத் தாங்களே பார்க்கட்டும்.

காரில் வருபவர்கள் செம்மஞ்சள் தற்காலிகப் பலகையைப் பார்க்காமல் தெருவில் விடவேண்டாம். 7 முதல் 19 அல்லது 19 முதல் 7 என்று நேரம் போட்டிருக்கும். பனி அள்ளமுதல் சைரன் அடிப்பார்கள், அதற்குள் எடுக்காவிட்டால் இழுத்துக்கொண்டுபோய் வேறு தெருவில் விட்டுவிடுவார்கள். அபராதமும் வரும்.

---

அனுப்புவது: பொருளாளர், ஸ்காபரோ

அப்படியென்றால் ஹொக்கியைப் பொதுக்கட்டணத்திலிருந்து எடுத்துவிடுகிறேன். பெல் சென்ரரோ லாவாலோ, விரும்பினவர் தன் ரிக்கெற்றைத் தானே கட்டுவார். அறை 339.15, ஞாயிறு சாப்பாடு 77.99, போக்குவரத்து 35. மொத்தம் 452.14. ஆளுக்கு 460 வாங்குகிறேன். மிஞ்சும் 7.86 நாற்பது பேருக்கு 314.40. அது நூலகச் சுவருக்கு, தனி வரியில் எழுதுவேன். சுவரின் படத்தையும் மேசனின் மதிப்பீட்டையும் பாரிஸ் தங்கச்சி அனுப்பவேணும்.

தனி அறை கேட்பவர் 339.15 கூடுதலாகக் கட்டவேணும். ஐரோப்பாக்காரர் தனித்தனியே அனுப்பவேண்டாம், ஒவ்வொரு தரமும் வங்கி பிடித்துக்கொள்ளும். நாட்டுக்கு ஒருவர் சேர்த்து ஒரே தடவையில் அனுப்புங்கள், யார் யாருடைய காசு என்ற பட்டியலோடு.

அட்டவணை வந்து ஒரு கிழமைக்குள் பெயர் தரவேணும். பெயர் தந்து காசு கட்டாதவருக்கு அறை பிடிக்கமாட்டேன், ஆர் வீட்டு ஆளாக இருந்தாலும்.