புதுப்பிப்பு: மொட்டை மாடிப் பரங்கிக் கொடியில் பிஞ்சு உதிர்வது நின்றுவிட்டது

பெங்களூரு அல்சூரில், மூன்றாம் மாடியில் வளரும் பரங்கிக் கொடியில் பிஞ்சுகள் நெல்லிக்காய் அளவிலேயே மஞ்சளாகி உதிர்கின்றன என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி.

முதலில் வேப்பம் பிண்ணாக்கு இட்டேன், பிறகு தண்ணீரைக் குறைத்தேன். இரண்டாலும் பயனில்லை. "கையால் மகரந்தம் சேர்த்துப் பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. பூவின் அடியில் குட்டிக் காய் இருந்தால் பெண் பூ. வெறும் காம்பு என்றால் ஆண் பூ. ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவில் உள்ள மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவே மெதுவாகத் தடவினேன். காலை 8 மணிக்குள் செய்துவிட வேண்டும். வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும். முதல் இரண்டு முறை 10 மணிக்குப் போய் வாய்ப்பைத் தவறவிட்டேன். அதன்பின் தடவிய 5 பூக்களில் 4 காய் பிடித்தன. ஒன்று தேங்காய் அளவுக்கு வந்துவிட்டது!

எதிர்பாராத ஒன்று: தொட்டியில் தானாக முளைத்த தும்பையைப் பிடுங்காமல் விட்டிருந்தேன். அதன் வெள்ளைப் பூக்களைத் தேடித் தேனீக்கள் வருகின்றன. நான் தொடாத ஒரு பெண் பூவும் சென்ற வாரம் பிஞ்சு பிடித்திருக்கிறது. களையென்று நினைத்து முன்பே இரண்டு தும்பைச் செடிகளைப் பிடுங்கிவிட்டேன், அதுதான் வருத்தம்.