பனிப்போரில் உலகைக் காத்தது அணுகுண்டா, பேச்சுவார்த்தையா?

சேந்தன்

பனிப்போர் பற்றிப் பேச்செடுத்தாலே ஒப்பந்தங்களையும் உச்சி மாநாடுகளையும் புகழ்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் நேருக்கு நேர் போரிடாமல் போனதற்கு ஒரே காரணம் அணுகுண்டின் மீதிருந்த பயம்தான்.

மோதிக்கொள்ளக் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. 1948இல் ஸ்டாலின் மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலைகளையும் ரயில் பாதைகளையும் அடைத்தார். 1961 அக்டோபரில் அதே பெர்லினில், சார்லி சோதனைச் சாவடியின் இரு பக்கமும் டாங்கிகள் ஒன்றையொன்று குறிவைத்து நின்றன. மறு ஆண்டு கியூபா; அங்கே சோவியத் யூனியன் அணு ஏவுகணைகளை நிறுத்தியிருந்தது. 1973 அரபு - இஸ்ரேல் போரின்போது அமெரிக்கா தன் படைகளை உலகெங்கும் உஷார்ப்படுத்தியது. 1914இன் ஐரோப்பாவுக்கு இவற்றில் ஒன்றே போதுமானதாக இருந்திருக்கும். ஒவ்வொரு முறையும் இருவரும் பின்வாங்கினார்கள். பின்வாங்க வைத்த ஒப்பந்தம் எது என்று யாராவது காட்டுங்கள்.

முகிலரசி

சேந்தன், 1948இல் சோவியத் யூனியனிடம் அணுகுண்டே கிடையாது. அவர்களின் முதல் சோதனை 1949 ஆகஸ்டில்தான் நடந்தது. எனவே இருபக்க பயம் என்ற உங்கள் பட்டியலில் முதல் வரியே நிற்காது.

கியூபாவுக்கு வருகிறேன். உங்கள் வாதம் உடையும் இடம் அதுதான். 1962 அக்டோபர் 27, சனிக்கிழமை. அன்று அமெரிக்க அதிபர் கென்னடி, சோவியத் தலைவர் குருஷேவ் இருவருமே பயந்துபோய்த்தான் இருந்தார்கள். அந்தப் பயம் என்ன செய்தது? கியூபாவின் மேல் பறந்த அமெரிக்க யூ-2 உளவு விமானத்தைச் சோவியத் படையினர் சுட்டு வீழ்த்தினார்கள்; விமானி ருடால்ஃப் ஆண்டர்சன் இறந்தார். அதற்கு மாஸ்கோ உத்தரவிடவில்லை; களத்தில் இருந்த தளபதிகளே முடிவெடுத்தார்கள். அதே நாளில் இன்னொரு யூ-2 வழிதவறி சைபீரியாவின் சுகோத்கா வான்வெளிக்குள் நுழைந்தது. அதைப் பிடிக்க சோவியத் மிக் போர் விமானங்கள் எழும்பின. அதைக் காக்க அமெரிக்கா அனுப்பிய விமானங்கள் அணுகுண்டு பொருத்திய ஏவுகணைகளைச் சுமந்திருந்தன. கடலுக்கடியில் பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கிக் கப்பல், அமெரிக்கக் கப்பல்கள் வீசிய எச்சரிக்கை வெடிகளுக்கு நடுவே மாஸ்கோவுடன் தொடர்பில்லாமல் தவித்தது. அதில் அணு டார்பிடோ இருந்தது. அதை ஏவத் தயாராகுமாறு கேப்டன் சொன்னார் என்றும், உடனிருந்த அதிகாரி வாசிலி அர்கிபோவ் அவரைத் தடுத்தார் என்றும் கப்பலில் இருந்த ஒருவர் பின்னாளில் சொன்னார்.

இரண்டு தலைவர்களும் பயந்துகொண்டிருந்தபோதே நிகழ்ச்சிகள் அவர்கள் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. அன்றிரவு அதை நிறுத்தியது ஒரு பேரம். அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் டோப்ரினினைச் சந்தித்து, துருக்கியில் இருக்கும் எங்கள் ஜூபிடர் ஏவுகணைகளைச் சில மாதங்களில் அகற்றுகிறோம், ஆனால் இது வெளியே தெரியக்கூடாது என்றார். மறுநாள் மாஸ்கோ வானொலியில், கியூபாவிலிருந்து ஏவுகணைகளை அகற்றுவதாகக் குருஷேவின் அறிவிப்பு வந்தது. 1963 ஏப்ரலுக்குள் ஜூபிடர்கள் போய்விட்டன.

அந்த உறுதியை எழுத்தில் பதிவுசெய்து டோப்ரினின் கொண்டுவந்த கடிதத்தை ராபர்ட் கென்னடி திருப்பிக் கொடுத்துவிட்டார். ராபர்ட் கென்னடியின் குறிப்புகள் அச்சாகும்போது இந்தப் பேரம் பற்றிய பகுதி நீக்கப்பட்டது. நீக்கியது தாம்தான் என்று அதிபர் கென்னடியின் ஆலோசகர் டெட் சோரன்சன் 1989இல் மாஸ்கோவில் நடந்த மாநாட்டில் சொன்னார். அதுவரை, விறைப்பாக நின்றால் எதிரி பணிவான் என்பதே கியூபா தரும் பாடம் என்று ஒரு தலைமுறையே நம்பியது. அந்த நம்பிக்கையுடன்தான் வாஷிங்டன் வியட்நாமுக்குள் போனது என்பது என் கருத்து.

சேந்தன்

பேரம் நடந்ததை யார் மறுத்தார்கள்? ஆனால் அந்த இரவில் இருவரையும் பேரத்துக்குத் தள்ளியது எது? தன் கூட்டாளியான துருக்கியின் முதுகுக்குப் பின்னால் ஒரு அமெரிக்க அதிபர் ஏவுகணைகளை விட்டுக்கொடுக்கிறார். தன் தோழன் காஸ்ட்ரோவைக் கேட்காமலேயே குருஷேவ் கியூபாவிலிருந்து கழற்றிக்கொண்டு போகிறார். சாதாரணக் குண்டுகள் மட்டும் இருந்திருந்தால் இரண்டுமே நடந்திருக்காது. பயம் இல்லாத இடத்தில் பேரத்துக்கு யாரும் வரமாட்டார்கள்.

சோவியத் யூனியன் 1970களின் பிற்பகுதியில் மேற்கு ஐரோப்பாவைக் குறிவைத்து எஸ்எஸ்-20 ஏவுகணைகளை நிறுத்தியது. 1979 டிசம்பரில் அமெரிக்காவும் மேற்கு ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த நேட்டோ கூட்டணி தெளிவாகச் சொன்னது: பேசத் தயார், பேச்சு பலிக்காவிட்டால் நாங்களும் நிறுத்துவோம். பலிக்கவில்லை. 1983 நவம்பரில் அமெரிக்காவின் பெர்ஷிங்-2 ஏவுகணை மேற்கு ஜெர்மனிக்கு வந்தது. நான்கு ஆண்டுகளில், 1987 டிசம்பர் 8 அன்று, நடுத்தர ஏவுகணைகள் அனைத்தையும் ஒழிக்கும் உடன்படிக்கையில் ரீகனும் கோர்பசேவும் கையெழுத்திட்டார்கள். பெர்ஷிங் இல்லாமல் எஸ்எஸ்-20ஐ விலைபேச மேற்குலகிடம் என்ன இருந்தது?

கடலோரத்தான்

நீங்கள் இருவரும் போர் நடக்கவில்லை என்பதை ஏற்றுக்கொண்டு அதற்கான பெருமை யாருக்கு என்று வாதாடுகிறீர்கள். எனக்கு அந்தத் தொடக்கமே பொறுக்கவில்லை.

மார்ஷல் தீவுகளில் 1946 முதல் 1958 வரை அமெரிக்கா 67 அணுகுண்டுகளை வெடித்தது. 1954 மார்ச் 1 அன்று பிகினியில் வெடித்தது 15 மெகாடன். அதன் சாம்பல் ரோங்கலாப் தீவில் மனிதர்கள் மேல் விழுந்தது. அவர்களை அங்கிருந்து கூட்டிப்போக இரண்டு நாள் ஆனது. 1957இல் பாதுகாப்பானது என்று சொல்லித் திரும்ப அனுப்பினார்கள். 1985இல் அந்த மக்கள் தாங்களாகவே ஊரைக் காலிசெய்தார்கள். கஜகஸ்தானின் செமிபலாதின்ஸ்கில் சோவியத் யூனியன் 456 சோதனைகளை நடத்தியது. சுற்றியிருந்த கிராமத்தாரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

இவற்றுக்கு மேல் கொரியா, வியட்நாம், அங்கோலா, ஆப்கானிஸ்தான். வல்லரசுகள் தங்களுக்குள் சுட்டுக்கொள்ளாததால் மற்றவர்களின் மண்ணில் சுட்டுக்கொண்டார்கள். பயம் அமைதியைத் தந்தது என்கிறீர்களே சேந்தன், யாருக்கு?

முகிலரசி

கடலோரத்தானின் கேள்வியைச் சேந்தன் தாண்டிப் போகக்கூடாது.

பெர்ஷிங்குக்கு என் பதில். அது வந்தவுடன் சோவியத் தரப்பு ஜெனீவா பேச்சிலிருந்து எழுந்து போனது. அதுதான் உடனடி விளைவு. 1983 முழுவதையும் பாருங்கள். செப்டம்பர் 1 அன்று தென்கொரியப் பயணிகள் விமானத்தைச் சோவியத் விமானம் சுட்டு வீழ்த்தியதில் 269 பேர் மாண்டார்கள். அதே மாதம் 26ஆம் தேதி மாஸ்கோவுக்கு அருகில் ஒரு கண்காணிப்பு நிலையத்தில், அமெரிக்கா ஐந்து ஏவுகணைகளை ஏவிவிட்டதாகக் கணினி காட்டியது. மேகங்களில் பட்ட சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் தவறாகப் படித்திருந்தது. பணியில் இருந்த ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ், ஐந்தே ஐந்து ஏவுகணையோடு யாரும் போரைத் தொடங்கமாட்டார்கள் என்று எண்ணி, பொய் எச்சரிக்கை என மேலிடத்துக்குத் தெரிவித்தார். நவம்பரில் நேட்டோவின் ஒத்திகை ஒன்றைச் சோவியத் உளவுத்துறை உண்மைத் தாக்குதலுக்கான திரையோ என்று சந்தேகித்தது.

சில நிமிடங்களில் வந்துவிழும் ஏவுகணையை எதிரியின் வாசலில் நிறுத்தினால், யோசிக்க அவனுக்கு நேரம் இருக்காது. பெத்ரோவுக்குக் கிடைத்த அந்தச் சில நிமிடங்களைக் குறைப்பதற்குப் பெயர் பாதுகாப்பா?

1987 உடன்படிக்கைக்கு வழி திறந்தது வேறொன்று. 1986 அக்டோபரில் ரேக்யவிக் நகரில் ரீகன் - கோர்பசேவ் சந்திப்பு, எதிரி ஏவுகணைகளை வானிலேயே தடுக்க ரீகன் வகுத்த விண்வெளிப் பாதுகாப்புத் திட்டத்தில் முட்டி உடைந்தது. 1987 பிப்ரவரி இறுதியில் கோர்பசேவ் அந்த முடிச்சை அவிழ்த்தார்: விண்வெளித் திட்டம் தனி, நடுத்தர ஏவுகணைகள் தனி. பெர்ஷிங்குகள் கோர்பசேவுக்கு முன் ஆண்ட ஆந்த்ரோபோவ் காலத்திலும் செர்னென்கோ காலத்திலும் அதே இடத்தில்தான் நின்றன. மாறியது மாஸ்கோவில் இருந்த மனிதர்.

சேந்தன்

கடலோரத்தான் அவர்களே, தட்டிக்கழிக்கவில்லை. ரோங்கலாப்பிலும் செமிபலாதின்ஸ்கிலும் நடந்தது குற்றம். அதற்கு எந்த நியாயமும் நான் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டாம் உலகப் போரில் ஆறு ஆண்டுகளில் பல கோடிப் பேர் செத்தார்கள். மூன்றாவது வராமல் போனது அற்பமான விஷயமல்ல, தீவுகளுக்கும் சேர்த்துத்தான்.

முகிலரசிக்கு. ஒப்பந்தங்களை இவ்வளவு நம்புகிறீர்களே, அவை என்ன செய்தன? 1972இல் நிக்சனும் பிரெஷ்னேவும் மாஸ்கோவில் கையெழுத்திட்ட முதல் சால்ட் ஒப்பந்தம் ஏவுகருவிகளின் எண்ணிக்கையை நிறுத்திவைத்தது. ஆனால் ஒரே ஏவுகணையில் பல வெடிமுனைகளை, அதாவது நுனியில் இருக்கும் அணுகுண்டுகளைப் பொருத்துவதைத் தடுக்கவில்லை. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் வெடிமுனைகள் பெருகின. 1986இல் உலகில் ஏறக்குறைய 70,000 இருந்தன. அதே 1972இல் உயிரியல் ஆயுதங்களைத் தடைசெய்யும் உடன்படிக்கையிலும் மாஸ்கோ கையெழுத்திட்டது. பிறகு பயோபிரெபராத் என்ற பெயரில் இரகசியமாக மாபெரும் கிருமி ஆயுதத் திட்டத்தை நடத்தியது. 1979இல் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரில் ராணுவக் கூடத்திலிருந்து ஆந்த்ராக்ஸ் கசிந்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள்; கெட்ட இறைச்சி என்று கதை கட்டினார்கள். கிராஸ்நோயார்ஸ்கில் கட்டிய ரேடார், 1972இன் ஏவுகணைத் தடுப்பு ஒப்பந்தத்தை மீறியதுதான் என்று 1989இல் வெளியுறவு அமைச்சர் ஷெவர்த்நாட்சேயே ஒப்புக்கொண்டார். ஏமாற்றுகிறவனோடு போட்ட கையெழுத்துக்கு என்ன மதிப்பு?

கணக்குப்பிள்ளை

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். சேந்தன் காட்டிய உதாரணங்கள் சரியானவை. அவற்றிலிருந்து அவர் எடுக்கும் முடிவு சரியல்ல.

1972இன் சால்ட், உயிரியல் ஆயுதத் தடை இரண்டுக்கும் ஒரே குறை: நேரில் போய்ப் பார்க்க வழியில்லை. உயிரியல் ஆயுத உடன்படிக்கையில் சோதனைக்கு ஏற்பாடே இல்லை. சால்ட் செயற்கைக்கோள்களை நம்பியிருந்தது. வானத்திலிருந்து ஏவுகுழிகளை எண்ணலாம். மூடிக்குள் எத்தனை வெடிமுனை என்று எண்ண முடியாது. கிடங்கின் கதவுகளை எண்ணிவிட்டு உள்ளே எத்தனை மூட்டை என்று கணக்கெழுதுவது போன்றது அது.

இந்தச் சிக்கல் பழையது. கியூபாவுக்குப் பிறகு, எல்லா அணுச் சோதனைகளையும் தடைசெய்யும் அளவுக்கு இரு தரப்பும் நெருங்கின. நிலத்தடியில் சந்தேகத்துக்குரிய அதிர்வு ஏற்பட்டால் ஆண்டுக்கு எத்தனை முறை நேரில் சோதிக்கலாம் என்பதில் இழுபறி. குருஷேவ் மூன்று வரை சம்மதித்தார்; அமெரிக்கா ஏழுக்குக் கீழே இறங்கவில்லை. மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவே முழுத் தடை செத்தது. 1963 ஆகஸ்டில் கையெழுத்தானது வளிமண்டலம், விண்வெளி, நீருக்கடி ஆகியவற்றுக்கு மட்டுமான தடை. நிலத்தடிச் சோதனைகள் தொடர்ந்தன. செமிபலாதின்ஸ்க் மக்கள் இன்னும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அதைச் சுமந்தார்கள். கடலோரத்தான் கேட்ட விலையில் ஒரு பகுதி நேரில் போய்ப் பார்க்கும் அந்த நான்கு முறை வித்தியாசத்தில் இருக்கிறது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது.

1986 கோடையில் அமெரிக்க நிலநடுக்க ஆய்வாளர்கள் சோவியத் அறிவியல் அகாதமியின் ஒப்புதலோடு செமிபலாதின்ஸ்க் அருகே தங்கள் கருவிகளை நட்டார்கள். அயலாரை உள்ளே விட்டால் வானம் இடிந்து விழாது என்று அப்போது தெரிந்தது. அடுத்த ஆண்டின் உடன்படிக்கை அந்தக் கதவை அகலத் திறந்தது. எஸ்எஸ்-20இன் முதல் அடுக்கும், அனுமதிக்கப்பட்ட நீண்டதூர ஏவுகணையான எஸ்எஸ்-25இன் முதல் அடுக்கும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. ஏமாற்ற நினைத்தால் அதுவே வழி. ஆகவே ஊரல் பக்கம் வோத்கின்ஸ்க் தொழிற்சாலை வாசலில் அமெரிக்க ஆய்வாளர்கள் தங்கி, வெளியே போகும் ஒவ்வொரு பெரிய சரக்கையும் பார்த்தார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மாக்னா தொழிற்சாலை வாசலில் சோவியத் ஆய்வாளர்கள். பதின்மூன்று ஆண்டுகள் இப்படி. 1991 நடுப்பகுதிக்குள் சோவியத் தரப்பில் 1,846, அமெரிக்கத் தரப்பில் 846, ஆக 2,692 ஏவுகணைகள் மறுதரப்பின் கண்முன்னே அழிக்கப்பட்டன.

சேந்தன், ஏமாற்றுகிறவனோடு போடும் ஒப்பந்தத்துக்குத்தான் வாசலில் ஆள் தேவை. நம்பிக்கையானவர்களுக்கு ஒப்பந்தமே எதற்கு?

சேந்தன்

வோத்கின்ஸ்க் பற்றி நீங்கள் சொன்னது கனமான வாதம். ஆனால் கதையை 1991இல் நிறுத்திவிட்டீர்கள். 1972இல் போட்ட ஏவுகணைத் தடுப்பு ஒப்பந்தத்தை விட்டு 2002இல் அமெரிக்கா வெளியேறியது. 1987 உடன்படிக்கை, ரஷ்யா மீறுகிறது என்ற குற்றச்சாட்டோடு 2019 ஆகஸ்டில் முடிந்தது. நீண்டதூர அணு ஆயுதங்களுக்கு வரம்பு வைத்து 2010இல் பிராகில் கையெழுத்தான புதிய ஸ்டார்ட் ஒப்பந்தத்தின் நேரடிச் சோதனைகள் 2020இல் பெருந்தொற்றோடு நின்றன, மீண்டும் தொடங்கவில்லை; 2023 பிப்ரவரியில் ரஷ்யா ஒப்பந்தத்தையே இடைநிறுத்தியது. 1994இல் புடாபெஸ்டில் உக்ரைனுக்குக் கொடுத்த எல்லை உறுதிமொழி 2014இல் என்ன ஆனது? ஒப்பந்தம் போகும், ஆய்வாளர் போவார், குண்டு மட்டும் இருக்கும். இருப்பதை வைத்துத்தான் நான் கணக்குப் போடுகிறேன்.

முகிலரசி

1995 ஜனவரி 25. பனிப்போர் முடிந்து நான்காம் ஆண்டு. துருவ ஒளியை ஆராய நார்வேயிலிருந்து ஓர் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. நார்வே முன்கூட்டியே ரஷ்யாவுக்குத் தகவல் அனுப்பியிருந்தது; அது ரேடார் முன் அமர்ந்திருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அணு ஏவுகணைகளை ஏவ உத்தரவிடுவதற்காக ரஷ்ய அதிபர் யெல்த்சினிடம் இருந்த அணுப் பெட்டி உயிர்பெற்றது. சேந்தன், அன்று குண்டுகளும் அப்படியே இருந்தன, பயமும் அப்படியே இருந்தது. கைமாறாமல் போனது ஒரு தகவல். இதில் உலகைக் காத்தது உங்கள் பயமா, ஆபத்தை உண்டாக்கியதே அதுவா?

சேந்தன்

யெல்த்சின் பொத்தானை அழுத்தவில்லையே. அழுத்தினால் ரஷ்யா மிஞ்சாது என்று அவருக்குத் தெரியும். என் நிலை மாறவில்லை.

கடலோரத்தான்

யெல்த்சின் நிதானமாக இருந்ததால் தப்பித்தோம். அடுத்த பெட்டி யார் கையில் இருக்கும் என்று உங்கள் கொள்கை எதுவும் சொல்வதில்லை.

கணக்குப்பிள்ளை

ஒரு தகவலோடு முடிக்கிறேன். நீண்டதூர ஏவுகணைச் சோதனைக்கு முன் மறுதரப்புக்குத் தேதியும் பகுதியும் சொல்ல வேண்டும் என்று 1988 மே மாதத்தில் ரீகனும் கோர்பசேவும் மாஸ்கோவில் சந்தித்தபோது ஒரு சிறிய ஒப்பந்தம் கையெழுத்தானது. 2023இல் புதிய ஸ்டார்ட்டை இடைநிறுத்தியபோதும், இதைத் தொடர்ந்து கடைப்பிடிப்போம் என்று ரஷ்யா அறிவித்தது. இவ்வளவு பகைக்கு நடுவிலும் இருவருமே விட மனமில்லாத ஒப்பந்தம் இது. பயம் மட்டுமே போதும் என்றால் இதை ஏன் வைத்திருக்கிறார்கள், சேந்தன்? வாசலில் ஆய்வாளர்களை மீண்டும் நிறுத்தும் பேச்சை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், நான் இங்கிருந்து தொடங்கச் சொல்வேன்.