ஓவர்செட் ஆகுதா? வலது கைய விட்டுட்டு இடது கைய பாருங்க

சாவி இல்லாம பூட்ட திறக்குறதுதான் (லாக் பிக்கிங்) என் ஹாபி. மொதல்லயே சொல்லிடுறேன், இப்போ நான் நோண்டுறது எல்லாமே நான் காசு குடுத்து வாங்குன பூட்டு, கதவுல மாட்டாத பூட்டு. மாட்டியிருக்குற பூட்டுல கை வைக்கக்கூடாதுனு இந்த ஹாபில இருக்குற எல்லாரும் சொல்லுவாங்க, ஆரம்பத்துல நான் கேக்கல. மாடி ரூம் பூட்ட ஒரு ஞாயித்துக்கிழமை நோண்டப்போயி உள்ள ஸ்பிரிங் நசுங்கி, சாவியே எறங்காம, அப்பா சுத்தியலோட மேல ஏறி வந்தாரு. அத இன்னொரு நாள் எழுதுறேன்.

ஆரம்பிச்சது உள்ள இருக்குறது வெளிய தெரியுற பிளாஸ்டிக் பிராக்டிஸ் பூட்டுல. பத்தே நிமிஷம், திறந்துருச்சு. சரி நமக்கு கை வந்துருச்சுனு ஹார்டுவேர் கடையில 5 பின் பித்தளை பூட்டு ஒண்ணு வாங்கிட்டு வந்தேன், ரெண்டு மாசம் ஆகியும் அது அசையக்கூட இல்ல. பிளாஸ்டிக் பூட்டுல கண்ணால பாத்து தூக்கியிருக்கேன், விரலுக்கு ஒண்ணுமே பழகலங்கறது அப்புறம்தான் உறைச்சுது.

புதுசா வந்தவங்களுக்காக: ஒவ்வொரு ஓட்டையிலயும் கீழ கீ பின், அது மேல டிரைவர் பின், அதுக்கும் மேல ஸ்பிரிங். ரெண்டு பின்னும் ஒட்டுற இடம் சரியா, சாவியோட சேந்து திரும்புற சிலிண்டரோட விளிம்புக்கு, அதாவது ஷியர் லைனுக்கு வந்தா அந்த பின் வழி விட்டுரும், அதத்தான் செட்னு சொல்றோம். ஓட்டைங்கள நூல் புடிச்ச மாதிரி ஒரே கோட்டுல யாராலயும் போட முடியாது, அதனால டென்ஷன் குடுத்தா, அதாவது சாவி ஓட்டையில சொருகுன கம்பிய இடது விரலால அழுத்தி சிலிண்டர திருப்பப் பாத்தா, மொதல்ல ஏதோ ஒண்ணுதான் இறுகும், அத வலது கையில இருக்குற பிக்கால (முனை வளஞ்ச மெல்லிசு கம்பி) தூக்குனா அடுத்தது இறுகும், இப்படியே போகணும். தூக்குறது ஒரு மயிரிழை கூடிருச்சுனா கீ பின்னே ஷியர் லைன தாண்டி ஏறி நடுவுல மாட்டிக்கும். அதான் ஓவர்செட். மத்த நாலையும் எவ்ளோ அழகா செட் பண்ணாலும் அது எறங்குற வரைக்கும் சிலிண்டர் திரும்பாது.

நான் அந்த ரெண்டு மாசமும் வலது கையத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். பிக் சரியில்லனு வேற பிக், முனை மொத்தமா இருக்குனு அரம் போட்டு தேய்ச்சு, இப்படியே. ஒரு நாள் சாப்பிட உக்காந்தப்போ அம்மா சாம்பார் ஊத்திக்கிட்டே "விரல்ல என்னடா பள்ளம்?"னு கேட்டாங்க. பாத்தா இடது ஆள்காட்டி விரல்ல டென்ஷன் கம்பி அழுத்துன தடம், செவப்பா கோடு போட்ட மாதிரி. கம்பிய எடுத்து பாத்தா அதுவும் லேசா வளஞ்சிருக்கு. சந்தேகம் வந்து சமையல்கட்டு டிஜிட்டல் தராசுல விரல வச்சு, பூட்டுல குடுக்குற அதே அளவுக்கு அழுத்துனேன். 400 கிராமுக்கு மேல காட்டுச்சு! இப்போ 50, 60 கிராம் தாண்டுறதில்ல.

டென்ஷன் அதிகமானா ஓவர்செட் ஏன் வருதுன்னா, பின் அவ்ளோ இறுக்கமா புடிச்சிருக்கும், அத நகத்த நீங்களும் பிக்க பலமா தள்ளுவீங்க, புடி விட்ட அடுத்த நொடி அந்த பலத்துக்கு நிறுத்தமே இல்லாம சர்ர்னு மேல போயிரும். லேசா புடிச்சிருந்தா டிரைவர் பின் விளிம்ப தாண்டுன உடனே சிலிண்டர் ஒரு துளி நகரும், கீ பின்னோட தலை மேல இருக்குற விளிம்புல போயி முட்டும். அந்த முட்டல் விரலுக்கு தெரியணும், தெரிஞ்சதும் கைய நிறுத்திரணும்.

இப்போ நான் ஒவ்வொரு பின்னையும் தொட்டு பாக்குறது இப்படி. தொட்டா ஸ்பிரிங் மாதிரி துள்ளுதா, அதோட முறை இன்னும் வரல. கல்லு மாதிரி நிக்குதா, அதான் இப்போ தூக்க வேண்டியது. கீ பின் லொட லொடனு ஆடுதா, செட் ஆயிருச்சு. அந்த இடத்துல பின்னே இல்லாத மாதிரி காலியா இருக்கா, அதான் ஓவர்செட், மேல போயி உக்காந்திருக்கு. அப்போ கோவப்பட்டு கம்பிய உருவிடாதீங்க. விரல கொஞ்சம் கொஞ்சமா தளத்துங்க, "டிக்"னு ஒண்ணு விழும். ஒரே ஒரு டிக்னா லாபம், மறுபடி லேசா புடிச்சுக்கலாம். டிக் டிக் டிக்னு வரிசையா விழுந்தா மொதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான், வேற வழி இல்ல.

கம்பியும் முக்கியம். வைப்பர் பிளேடு ரப்பருக்குள்ள வர்ற ஸ்டீல் பட்டைய உருவி மடிச்சு, சாவி ஓட்டையோட மேல் பக்கம் சொருகுறேன். கீழ சொருகுறத விட பிக்குக்கு நெறைய இடம் கெடைக்குது.

—

அண்ணே, முக்காவாசி ஒத்துக்குறேன், ஆனா பழி முழுக்க டென்ஷன் மேல போடாதீங்க. எனக்கு முன்னாடி ரெண்டாவது ஓட்டையில நீளமான கீ பின், அதுக்கு பின்னாடி நாலாவதுல குட்டை. நாலாவத ரொம்ப மேல தூக்க வேண்டியிருக்கும், அப்போ பிக்கோட தண்டு ரெண்டாவத சேத்து தூக்கிரும். டென்ஷன எவ்ளோ கம்மி பண்ணாலும் ஓவர்செட் ஆச்சு. கொக்கி ஆழமா வளஞ்ச பிக் வாங்குனதும்தான் சரியாச்சு, தண்டு கீழயே நிக்குது. அப்புறம் ஸ்பூல் பின் (நடுவுல இடுப்பு மாதிரி ஒடுங்குன டிரைவர் பின்) பூட்டுல சிலிண்டர் தானா பின்னாடி திரும்ப பாக்கும், அப்போ கொஞ்சம் விட்டுக்குடுக்கணும், பதறி இறுக்குனா காரியம் கெட்டுச்சு.

—

நான் திண்டுக்கல், லிவர் பூட்டு (பின்னுக்கு பதிலா சாவி தூக்குற தகடுங்க உள்ள இருக்கும்) பாத்தே வளந்தவன். லிவர்லயும் இதே தொல்லதான், அளவுக்கு மேல தூக்குனா திறக்காது. இதையே பொறியா வச்சு 1818ல இங்கிலாந்துல ஜெரமையா சப்னு ஒருத்தரு பூட்டு செஞ்சாரு. ஒரு லிவர் கூடுதலா தூக்கப்பட்டா பூட்டு அப்படியே மாட்டிக்கும், சொந்தக்காரரு சாவி போட்டாலும் மறுபடி சரி பண்ற வரைக்கும் திறக்காது, யாரோ கை வச்சது தெரிஞ்சுரும். 1851ல லண்டன் கண்காட்சி நேரத்துல ஆல்ஃபிரட் ஹாப்ஸ்னு அமெரிக்காகாரரு அத சுமார் 25 நிமிஷத்துல திறந்துட்டாரு. நம்ம ஆளுங்க ஓவர்செட்னு பொலம்புறத பாத்தா சப் சிரிச்சிருப்பாரு 😄

—

தம்பி சொன்ன தண்டு விஷயம் எனக்கு தோணவே இல்ல, இன்னிக்கு ராத்திரி அந்த பித்தளை பூட்ட மறுபடி எடுக்குறேன். எட்டு தடவை திறந்துட்டேன்தான், ஆனா நேத்தும் மூணாவது பின் காலியா நின்னுச்சு.