நார்அட்ரினலின் கொடுத்தும் மறுநாள் மைட்டோகாண்ட்ரியாவில் எந்த மாற்றமும் இல்லை, உதவுங்கள்

எலியின் கல்லீரல் செல்களைப் பிரித்து வளர்க்கிறேன். நார்அட்ரினலின் என்ற ஹார்மோன் செல்லின் மேலுள்ள ஆல்ஃபா-1 ஏற்பியில் ஒட்டி, உள்ளே ஐபி3 என்ற செய்தி மூலக்கூறு உருவாகி, எண்டோபிளாச வலையிலிருந்து வெளியேறும் கால்சியத்தை மைட்டோகாண்ட்ரியா உள்ளிழுத்ததும் பைருவேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி வேகமெடுத்து, எலக்ட்ரான்களைச் சுமக்கும் என்ஏடிஹெச் கூட வேண்டும், இல்லையா? பிரித்த அன்றே பார்த்தால் என்ஏடிஹெச்சின் ஒளிர்வு அழகாக ஏறுகிறது. மறுநாள் அதே செல்களில் ஒளிர்வு ஏறவே இல்லை. நார்அட்ரினலின் கரைசல் லேசாக இளஞ்சிவப்பாகியிருந்தது, ஆக்சிஜனேற்றம்தான் என்று நினைத்து அஸ்கார்பிக் அமிலம் சேர்த்துப் புதிதாகக் கலந்தேன், அப்புறமும் அதே நிலைதான். வளர்ப்பில் நாள் ஆக ஆக ஐபி3 வழியில் செல்லாத பீட்டா ஏற்பியின் பங்கு கூடும் என்பது தெரியும், என் சந்தேகமும் அங்கேதான். ஆல்ஃபா-1 ஏற்பியைத் தடுக்கும் பிரசோசின், பீட்டா ஏற்பியைத் தடுக்கும் புரோப்ரனலால் இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்துப் பார்க்கவா, இல்லை ஐபி3 பாதை உயிரோடு இருக்கிறதா என்று முதலில், வேறொரு ஏற்பி வழியாக அதே பாதையைத் தூண்டும் வாசோபிரசின் ஹார்மோனைக் கொடுத்துப் பார்க்கவா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், மூன்று வாரமாக இதிலேயே நிற்கிறேன்.