புதுப்பிப்பு: லிஸ்ட்டை சார்ட் செய்யும்போது சில நேரம் மட்டும் வந்த எக்செப்ஷன்

ஜாவாவில் கணக்கு ஆப்ஜெக்ட்களை இருப்புப்படி சார்ட் செய்தால், கம்பேரட்டர் (இரண்டில் எது முன்னால் வர வேண்டும் என்று சொல்லும் கோடு) விதியை மீறுகிறது என்று எப்போதாவது எக்செப்ஷன் (ஓடும்போது வரும் பிழை) வருகிறதே, ஏன் என்று கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

எனக்கு வந்து சேர்ந்த பழைய கோடில், கம்பேரட்டர் இரண்டு இன்ட் (முழு எண்) மதிப்புகளைக் கழித்து விடையை அப்படியே திருப்பித் தந்தது. விடை மைனஸ் என்றால் முதலாவது சிறியது என்று அர்த்தம். 2000000000-லிருந்து -2000000000-ஐக் கழித்தால் 4000000000 வர வேண்டும். இன்ட்டின் உச்சமே 2147483647 என்பதால் கிடைப்பது -294967296. பெரியது சிறியதாகிவிடுகிறது!

சரி, ஏன் எப்போதாவது மட்டும்? ஜாவா 7 முதல் ஆப்ஜெக்ட்களை சார்ட் செய்வது டிம்சார்ட் என்ற அல்காரிதம். 32-க்கும் குறைவான ஆப்ஜெக்ட்கள் என்றால் அது இந்த முரணைக் கவனிப்பதே இல்லை. சத்தமில்லாமல் தப்பான வரிசையைத் தந்துவிடும். பெரிய லிஸ்ட்டிலும், சார்ட் ஆன துண்டுகளை மெர்ஜ் செய்யும்போது (ஒன்றாகச் சேர்க்கும்போது) முரண் தட்டுப்பட்டால்தான் எக்செப்ஷன் போட்டுக் கத்தும். என்னைக் கேட்டால், கத்துவதே மேல்.

கழித்தலை எடுத்துவிட்டு, கழிக்காமலே ஒப்பிடும் கம்பேரிங்இன்ட் (comparingInt) போட்டேன். இருப்பு சமமானால் தேதிப்படி வர தென்கம்பேரிங் (thenComparing). அப்புறம், சில கணக்குகளில் தேதியே இல்லை, null என்று இருந்தது; நல்ஸ்லாஸ்ட் (nullsLast) சேர்த்ததும், இருப்பு சமமான கணக்குகளுக்குள் அவை கடைசிக்குப் போய்விட்டன.